நீராவி யுகமும் அன்றாட உடையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. ஒருவர் அணியும் உடை அவருடைய உடலை மறைப்பதோடு நில்லாது, அவர் எக்காலத்தை விரும்புகின்றார், எத்தொழிலை மதிக்கின்றார், எத்தகைய உலகிலே வாழ ஆசைப்படுகின்றார் என்பவற்றையும் ஓரளவுக்கு வெளிப்படுத்துகின்றது. உடைப் பாணிகள் பெரும்பாலும் இரு வழிகளிற் பிறக்கின்றன. முன்னோர் உடுத்ததை வழக்கம் வழுவாது உடுத்தல் ஒரு வழி. வரும் பருவத்துக்கென உடைக் கலைஞர் வகுத்துத் தருவதை ஏற்றல் மற்றைய வழி. இவ்விரண்டினுள்ளும் அடங்காத ஒரு பாணி, கடந்த சில பத்தாண்டுகளில் மேனாடுகளிலே தோன்றிப் பரவியிருக்கின்றது. அது இறந்தகாலத்தைச் சார்ந்தது. ஆயினும் அவ்விறந்தகாலம் உலகில் ஒருபோதும் நிகழாதது. அதன் பெயர் ஸ்டீம்பங்க்.

இப்பாணியின் அடிப்படை ஓர் எளிய வினா. மின்சாரமும் பெற்றோலும் மனித வாழ்வைத் தம் வசமாக்காதிருந்து, நீராவியும் வில்விசையும் பற்சில்லுமே இன்றுவரை உலகை இயக்கி வந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? வானூர்தி இருந்திருக்கும், ஆனால் அது பட்டுத் துணியும் பித்தளைக் குழாயுங் கொண்ட ஆகாயக் கப்பலாய் இருந்திருக்கும். கணினி இருந்திருக்கும், ஆனால் அது கடகடவெனச் சுழலும் ஆயிரம் சில்லுகளைக் கொண்ட பெரும்பொறியாய் இருந்திருக்கும். அத்தகைய உலகில் வாழும் மாலுமியும், பொறியியலாளரும், ஆராய்ச்சி செய்யும் பெண்மணியும் எவ்வாறு உடுத்தியிருப்பர் என்று எண்ணிப் பார்த்ததன் பயனாகவே இவ்வுடைப்பாணி உருப்பெற்றது.

இப்பெயர் விளையாட்டாகத் தோன்றியது. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் லோகஸ் என்னும் அறிவியற் கற்பனை இதழிலே, எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீற்றர் எழுதிய கடிதம் ஒன்று வெளியாயிற்று. அவரும் அவர்தம் நண்பர்களாகிய ரிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலொக் என்போரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனைக் களமாகக் கொண்டு விந்தைக் கதைகள் எழுதி வந்தனர். கணினியுலகின் இருண்ட பக்கத்தைக் காட்டும் சைபர்பங்க் கதைகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. அப்பெயரின் வாலைப் பற்றிக்கொண்டு, நீராவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தலையாக வைத்து, தம் கூட்டத்தாரின் கதைகளுக்கு இப்பெயர் பொருந்தும் என ஜீற்றர் நகைச்சுவையாகக் குறித்தார். நகைச்சுவை நிலைத்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் இணைந்து எழுதிய நாவல் ஒன்று, கணினி ஒரு நூற்றாண்டு முன்னரே பிறந்துவிட்ட இங்கிலாந்தைச் சித்திரித்து, இவ்வகை இலக்கியத்துக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது.

பெயர் புதியதாயினும் வேர் பழையது. பிரான்சு தேசத்து நாந்த் நகரிற் பிறந்த ஜூல்ஸ் வேர்ண் 1869ஆம், 1870ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கடலடிப் பயணக் கதையும், எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட கால எந்திரக் கதையும் இதன் தாய்நூல்கள் எனலாம். வேர்ணின் கதையை வோல்ற் டிஸ்னி நிறுவனத்தார் 1954ஆம் ஆண்டிலே திரைப்படமாக்கினர். அதற்கென ஹாப்பர் கொஃப் என்னும் கலைஞர் வகுத்த நீர்மூழ்கிக் கப்பல், புறத்தே இரும்புத் தகடும் தறையாணியும் நிறைந்து கடல்விலங்கு போன்று தோன்றியது. அகத்தே செல்வர் மாளிகை போன்று வெல்வெற்றும் இசைக்கருவியும் பொலிந்தன. முரட்டு இரும்பும் மென்மையான அலங்காரமும் ஒருங்கே அமைந்த அக்காட்சியே பிற்காலத்து ஸ்டீம்பங்க் ஓவியர்க்கும் உடைக் கலைஞர்க்கும் முன்மாதிரியாயிற்று.

இனி, இக்கற்பனைக்கு நிலைக்களமான உண்மைக் காலத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். தோமஸ் நியூகொமன் 1712ஆம் ஆண்டில் சுரங்க நீரை இறைக்கும் நீராவிப் பொறியை அமைத்தார். ஜேம்ஸ் வாற் 1769ஆம் ஆண்டில் தனி ஒடுக்கிக்கு உரிமை பெற்று அப்பொறியின் எரிபொருட் செலவைப் பெரிதுங் குறைத்தார். 1851ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, இலண்டன் ஹைட் பூங்காவிலே, ஜோசப் பக்ஸ்டன் என்பார் இரும்பாலும் கண்ணாடியாலும் சமைத்த பளிங்கு மாளிகையிற் பெரும் பொருட்காட்சி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 60 இலட்சம் வருகைகள் அங்குப் பதிவாயின. இயந்திரம் என்பது காண்டற்கினிய பொருள் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிய காலம் அது. பொறியின் இரும்புத் தூண்களைக் கிரேக்கக் கோயிற் தூண்கள் போல வார்த்தனர். தையற்பொறியின் கரிய உடலிலே பொன்னிறக் கொடிகளைத் தீட்டினர்.

நெசவும் கணிதமும் கைகோத்த காலமும் அதுவே. பிரான்சிலே ஜோசப் மரீ ஜக்கார் என்பார், துளையிட்ட அட்டைகளின் வழியே பூவேலை நெய்யும் தறியை 1804ஆம் ஆண்டளவில் அமைத்தார். அத்தறியில் ஏறக்குறைய 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டிலே நெய்யப்பட்ட ஜக்காரின் உருவப்படம் ஒன்றைச் சார்ள்ஸ் பபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அதே அட்டை முறையைத் தாம் கருதிய பகுப்பாய்வுப் பொறிக்கும் அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய கணிப்பொறிகள் அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. 1842ஆம் ஆண்டில் அரசாங்கம் தன் உதவியை நிறுத்திவிட்டது. ஆயினும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையார் அவருடைய வரைபடங்களைக் கொண்டு, அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1991ஆம் ஆண்டில், இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணிக்கும் பகுதியைச் செய்து முடித்தனர். அது பிழையின்றி இயங்கிற்று. எனவே, நிகழாத இறந்தகாலம் என்பது வெறுங்கனவு அன்று. நிகழ்ந்திருக்கக் கூடியது, ஆனால் கைநழுவிப் போனது என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஸ்டீம்பங்க் கலைஞரை இக்காலத்துப் பொறிகள் ஈர்ப்பதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. நீராவிப் பொறி தன் செயலை மறைப்பதில்லை. கொதிகலன் எங்கே, ஆடுதண்டு எங்கே, அதன் அசைவு சில்லுக்கு எவ்வாறு செல்கின்றது என்பவற்றை அதன் முன் நிற்குஞ் சிறுவனும் கண்ணாற் கண்டு அறியலாம். இன்றைய கைத்தொலைபேசியோ கண்ணாடியும் உலோகமுங் கொண்டு மூடப்பட்ட பேழை. அதன் உள்ளே நிகழ்வது உடையவருக்குத் தெரியாது. பழுதுபட்டாற் பெரும்பாலும் அவராற் திருத்தவும் இயலாது. பயன்படுத்துபவருக்கும் பொருளுக்கும் இடையே எழுந்த இச்சுவரை இடித்தலே இக்கலையின் உள்நோக்கம். அதனாலேயே இக்கலைஞர்கள் கணினியின் விசைப்பலகையைக் கழற்றிப் பழைய தட்டச்சுப்பொறியின் வட்ட விசைகளைப் பொருத்துகின்றனர்; மணிக்கூட்டின் முகத்தை அகற்றி அதன் உட்பொறியைக் காட்டுகின்றனர்.

2009ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞான வரலாற்று நூதனசாலையில், ஆட் டொனவன் என்னுங் கலைஞரின் மேற்பார்வையில் ஸ்டீம்பங்க் பொருட்காட்சி ஒன்று தொடங்கி அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை நடைபெற்றது. பழங்கால வானியற் கருவிகள் வைக்கப்பட்ட அதே கட்டடத்திற் புதுக் கற்பனைக் கருவிகளும் வைக்கப்பட்டமை, இக்கலைக்குக் கிடைத்த பெரிய ஏற்பாகும். பாரிசு நகரின் ஆர் எ மெத்தியே நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தை, 1994ஆம் ஆண்டில், பெல்ஜிய ஓவியர் பிரான்சுவா ஸ்கூட்டன் செப்புத் தகடுகளால் மூடி, வேர்ணின் நீர்மூழ்கிக் கப்பலின் உட்புறம் போல அமைத்தார். நாளாந்தம் வேலைக்குச் செல்வோர் அக்கற்பனைக் கப்பலினூடாகவே நடந்து செல்கின்றனர். நாந்த் நகரில் மூடப்பட்ட கப்பற் தளத்திலே, 2007ஆம் ஆண்டு முதல், 12 மீற்றர் உயரமான மரமும் உருக்குங் கொண்ட யானையொன்று மக்களைச் சுமந்து நடைபோடுகின்றது. அதனை நடத்துவது நீராவியன்று, தற்கால எஞ்சினே. ஆயினும் அதன் மூட்டுகள் மடங்கி நிமிர்வதை எல்லாருங் காணலாம்.

நியூசீலாந்தின் ஓமரு என்னுஞ் சிறுநகரின் வரலாறு இன்னும் படிப்பினை தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தானிய ஏற்றுமதியாற் செழித்த துறைமுகம் அது. வெண்சுண்ணக்கல்லாற் கட்டப்பட்ட அதன் பண்டகசாலைகள் வணிகம் குன்றியபின் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றை இடித்துப் புதியன கட்டாது பேணிய நகரத்தார், 2011ஆம் ஆண்டிற் பழைய தானியக் கட்டடம் ஒன்றிலே ஸ்டீம்பங்க் காட்சியகத்தைத் திறந்தனர். கைவிடப்பட்ட இரும்பும் கைவிடப்பட்ட கட்டடமும் சேர்ந்து அவ்வூருக்குப் புதுவாழ்வளித்தன.

உடைக்கு வருவோம். இப்பாணியின் விழாக்களிற் காணப்படுங் கோலம் கண்ணைப் பறிப்பது. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே தொடங்கிய விழாவில், உயர்ந்த பட்டுத் தொப்பியும், அதன்மேல் காப்புக் கண்ணாடியும், பித்தளைக் கருவிகள் தொங்குந் தோற் கச்சையும், முழங்கால் வரை நீண்ட சப்பாத்தும் அணிந்த ஆடவரும் பெண்டிரும் உலாவுவர். பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்து, அது ஊறி ஒடிந்து விழாமற் கடைசிவரை காத்து உண்பவர் வெல்லும் போட்டியும் இவ்வியக்கத்தாரிடையே உண்டு. விழாவுக்கு இக்கோலம் ஏற்றது. ஆனால் காலையில் அலுவலகத்துக்கும் மாலையிற் சந்தைக்குஞ் செல்பவர் இவ்வாறு உடுத்தல் இயலாது. ஆகவே வேடத்தை விடுத்து, அதன் உட்பொருளை மட்டும் அன்றாட உடைக்குக் கொண்டுவருதல் எவ்வாறு என்பதே சிந்திக்கத்தக்கது.

முதலாவது நெறி, அணியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் இருத்தல் வேண்டும் என்பது. சட்டைப்பையிலே வைக்கும் கடிகாரத்துக்குச் சங்கிலி ஏன் வந்தது? கை தவறிற் கடிகாரம் விழுந்துடையும் என்பதனால் வந்தது. விக்ரோறியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசரின் பெயராற் வழங்கும் சங்கிலியின் ஒரு முனையிற் சிறு குறுக்குத்தண்டு உண்டு. அது கையில்லா மேற்சட்டையின் தெறித்துளையில் மாட்டப்படும். மறுமுனையிற் கடிகாரம் பையினுள் இருக்கும். இன்று அச்சங்கிலியிற் கடிகாரத்தைக் கோத்தாலும் தகும், வீட்டுத் திறப்பைக் கோத்தாலும் தகும். ஒன்றையும் தாங்காத சங்கிலி வெறும் பாரமே. காப்புக் கண்ணாடியும் அத்தகையதே. கொதிகலன் அருகில் நிற்பவருக்கும் ஆகாயக் கப்பலைச் செலுத்துபவருக்கும் அது வேண்டும். தெருவில் நடப்பவருக்கு வேண்டியது, பார்வைக் குறையிருப்பின், மெல்லிய உலோகச் சட்டமிட்ட வட்ட மூக்குக் கண்ணாடியே.

பெண்களின் உடையிலும் இந்நெறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. அக்காலத்து இல்லத் தலைவியர் இடையிற் கொளுவி ஒன்றை அணிந்து, அதிலிருந்து தொங்கும் சிறு சங்கிலிகளிற் கத்தரிக்கோல், விரற்கவசம், திறப்பு, ஊசிப்பெட்டி ஆகியவற்றைக் கோத்து வைத்திருந்தனர். நிலத்திற் தவழும் பாவாடை சேற்றிற் படாதிருக்க, அதன் ஓரத்தைக் கவ்விப் பிடிக்குஞ் சிறு உலோகக் கிடுக்கியை நாடாவில் மாட்டித் தூக்கிக்கொண்டனர். ஸ்டீம்பங்க் பெண்டிர் இவ்விரண்டையும் மீட்டெடுத்துள்ளனர். பை வைத்துத் தைக்காத பெண்ணுடைகள் மலிந்த இந்நாளில், இடைக்கொளுவி பழம்பொருள் ஆசையன்று. நடைமுறைத் தேவைக்கு விடையாகும்.

இரண்டாவது நெறி, இணைப்பை மறைக்காதிருத்தல். தையலும், கொளுவியும், தறையாணியும் உடையின் எலும்புகள். அவற்றை ஒளிப்பதற்குப் பதிலாக அழகாக அமைத்துக் காட்டுவதே இப்பாணி. இதனைப் புதுமை என்று மருளுதல் வேண்டா. இன்று உலகெங்கும் இளைஞர் அணியும் ஜீன்ஸ் காற்சட்டையின் பைமூலைகளிற் சிறு செப்புத் தறையாணிகள் உள்ளன. உழைப்பாளிகளின் சட்டைப்பைகள் கிழியாதிருக்க ஜேக்கப் டேவிஸ் என்னுந் தையற்காரர் கண்ட உபாயம் அது. அவரும் லீவை ஸ்ட்ராவுசும் 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி அதற்கு அமெரிக்காவில் உரிமை பெற்றனர். கொதிகலத் தகடுகளையும் பாலங்களையும் இணைத்த அதே முறை துணிக்கும் வந்து சேர்ந்தது. ஜீன்ஸ் அணியும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ நீராவி யுகத்தின் ஒரு துண்டை அணிந்திருக்கின்றனர்.

பக்கங்களில் இறப்பர் நெசவு வைத்த கணுக்காற் சப்பாத்தும் அக்காலத்ததே. இலண்டன் சப்பாத்துத் தொழிலாளர் ஜோசப் ஸ்பாக்ஸ் ஹோல் அதனை விக்ரோறியா மகாராணியாருக்கென 1837ஆம் ஆண்டில் அமைத்தார். அது இன்றுங் கடைகளிற் கிடைக்கின்றது. எவ்வகை உடையோடும் பொருந்துகின்றது. எனவே இப்பாணியை விரும்புபவர் விசேட கடைகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தம் பேழையிலுள்ளவற்றையே புதுக்கண்ணோடு நோக்கினாற் போதும்.

மூன்றாவது நெறி, முதுமையடைய வல்ல பொருள்களைத் தெரிதல். தோல் பழகப் பழக மெருகேறும். பித்தளையும் செம்பும் கைபட்ட இடத்தில் ஒளிர்ந்து, படாத இடத்திற் கருமை கொள்ளும். பருத்தியும் சணலும் தோயத் தோய மென்மையுறும். பிளாஸ்ரிக்கோ முதுமையடைவதில்லை, உடைந்து மட்டுமே போகின்றது. பழைய மேற்சட்டையொன்றின் பிளாஸ்ரிக் தெறிகளை அகற்றிப் பித்தளைத் தெறிகளைத் தைத்தால், ஒரு மாலைப்பொழுதின் உழைப்பில் அதன் தோற்றமே மாறும். நிறத்திலும் ஒரு குறிப்பு உண்டு. இப்பாணியினர் கபிலமும் கருஞ்செம்மையுமே அக்கால நிறங்கள் என எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1856ஆம் ஆண்டில், 18 வயதினரான வில்லியம் பேர்க்கின், கொயினா மருந்தைச் செய்ய முயன்றபோது தற்செயலாய் ஊதாச் சாயத்தைக் கண்டார். அதன்பின் இலண்டன் வீதிகளில் ஊதாவும் கடுஞ்சிவப்பும் பச்சையும் பெருகின. கபில நிறம் மங்கிய நிழற்படங்கள் தந்த மயக்கமே. ஆதலின் பிரகாசமான நிறத்தை விரும்புபவர் அஞ்ச வேண்டியதில்லை. வரலாறு அவர் பக்கமே நிற்கின்றது.

நான்காவது நெறி, ஒரு வேளைக்கு ஒன்று என்பது. கையில்லா மேற்சட்டை ஒன்று, அல்லது உலோகக் கொளுவி வைத்த தோற்பை ஒன்று, அல்லது உட்பொறி தெரியுங் கைக்கடிகாரம் ஒன்று போதும். அனைத்தையும் ஒருங்கே அணிந்தால் உடை வேடமாகின்றது; பார்ப்பவர் மனிதரைக் காணாது பொருள்களையே காண்பர்.

இப்பாணிக்கு நேர்ந்த இடர்களையுங் கூறாது விடுதல் முறையன்று. 2013ஆம் ஆண்டு சனவரியில், ஐ.பி.எம். நிறுவனத்தார் இணையத்திற் பொதுமக்கள் எழுதியவற்றை ஆராய்ந்து, வரும் ஈராண்டுகளில் ஸ்டீம்பங்க் விற்பனைக் கடைகளிற் பெருகும் என எதிர்வுகூறினர். உடனே சந்தை விழித்துக்கொண்டது. மலிவுத் தொப்பியிற் பிளாஸ்ரிக் பற்சில்லை ஒட்டி விற்பது எளிது. ஆனால் எதனோடும் இணையாத, எதனையுஞ் சுழற்றாத பற்சில்லு இப்பாணியின் அடிக்கருத்தையே மறுக்கின்றது. பொறியின் உண்மையைக் காட்டவென எழுந்த கலை, பொய்ப் பொறியை ஒட்டிக்கொள்ளும் வழக்கமாய் முடியலாகாது என்று இவ்வியக்கத்தாரே நகையாடியும் கண்டித்தும் வருகின்றனர். அதனினுந் தீயது, நல்ல பழைய மணிக்கூடுகளை உடைத்து அவற்றின் சில்லுகளை அணியாக்குதல். ஓடும் மணிக்கூட்டைக் கொன்று அதன் உறுப்பை அணிதல் பொறியை மதித்தலாகாது.

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. நீராவி யுகம் உண்மையில் யாருக்கு இனித்தது? 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சட்டம் வருமுன் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும், பெண்களும் நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்திலே உழைத்தனர். உரோமத் தொப்பி செய்தவர்கள் இரசச் சேர்க்கையைக் கையாண்டு நடுக்கமும் மனப்பிறழ்வும் உற்றனர். சில பச்சைச் சாயங்களிற் பாடாணம் கலந்திருந்தது. லங்காஷயர் ஆலைகளில் நெய்யப்பட்ட பருத்தியிற் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் கைகளாற் பறிக்கப்பட்டது. அந்நாட்டு உள்நாட்டுப் போராற் பஞ்சு வரத்து நின்றபோது, 1861 முதல் 1865 வரை லங்காஷயர்த் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். இலங்கைக்கும் இதிற் பங்குண்டு. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு வேண்டிய காரீயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டுத் தொழிற்சாலைகளுக்கு மிகுதியாக வழங்கிய நாடுகளுள் இலங்கை ஒன்று. 1867ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை முதன்மையாகக் கோப்பித் தோட்டங்களின் நலன் கருதி அமைக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டிற் பிரேசிலிலிருந்து கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பளபளக்கும் பித்தளைக்குப் பின்னே இத்தனை நாடுகளின் மண்ணும் வியர்வையும் இருந்தன.

இவற்றை அறிந்தபின் இப்பாணியை வெறுத்தொதுக்குதல் வேண்டுமா? அன்று. ஆயினும் அணியுந் துணியின் வரலாற்றை மறந்து அணிதல் தகாது. அக்காலத்திலேயே அக்காலத்தை எதிர்த்து நின்றவரையும் நினைத்தல் வேண்டும். 1881ஆம் ஆண்டில் இலண்டனிலே தோன்றிய பகுத்தறிவு உடைச் சங்கத்தார், உடலை நெரிக்கும் இடைக்கச்சையும் நடையைத் தடுக்கும் பாரமான உடையையும் எதிர்த்தனர். பெண்ணின் உள்ளாடை ஏழு இறாத்தலுக்கு மேற்படலாகாது என்றனர். இன்று இடைக்கச்சை அணியும் ஸ்டீம்பங்க் பெண்கள் பலர் அதனைப் புறத்தே, இறுக்காது, தம் விருப்பத்தால் அணிகின்றனர். அடக்குமுறைக்குரிய பொருள் அணிபவரின் ஆணைக்குட்பட்ட பொருளாகின்றது. அவ்வாறே ஆளப்பட்ட நாடுகளின் எழுத்தாளரும் தமக்குரிய நீராவி யுகத்தைக் கற்பனை செய்யத் தொடங்கியுள்ளனர். 2015ஆம் ஆண்டில், ஜேமி கோ, ஜொய்ஸ் சிங் என்போர் தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்ட ஸ்டீம்பங்க் கதைத் தொகுதியொன்றை வெளியிட்டனர். இலண்டன் மட்டுமே இக்கற்பனையின் தலைநகர் அன்று என்பதற்கு அது சான்று. வெப்ப நாட்டவர்க்குக் கம்பளி மேலங்கியும் கழுத்திறுக்கும் பட்டியும் வேண்டா. பருத்தித் துணியும், நன்கமைந்த பித்தளைக் கொளுவியும், உழைக்குந் தோற்செருப்பும் அதே கருத்தை வெளியிடும்.

நிறைவாக, இவ்வுடைப்பாணி அன்றாட வாழ்வுக்கு அளிக்கும் நன்மை தோற்றத்தில் மட்டும் அடங்குவதன்று. தெறியொன்று கழன்றால் உடையையே எறிந்துவிடும் வழக்கம் பெருகிவரும் காலம் இது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்த சமுதாயங்களிலும் அவ்வழக்கம் புகுந்துவிட்டது. பழையதைத் தேடியெடுத்து, பிரித்து, அளந்து, தைத்து, தனக்கேற்ப மாற்றியமைப்பவர் அவ்வுடை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிகின்றார். அறிந்ததைத் திருத்தவும் அவரால் இயலும். திருத்தப் பழகிய கை எறிவதற்குத் தயங்கும். நாந்தின் யானையும், ஓமருவின் பண்டகசாலையும், பித்தளைத் தெறி தைத்த பழைய மேற்சட்டையும் போதிப்பது இந்த ஒரு பாடத்தையே: பொருளின் உள்ளமைப்பை அறிந்து அதனைப் பேணுபவரே அதற்கு உண்மையில் உடையவர் ஆவார்.